உன் அம்மா ஓடிப்போகவில்லை

அன்புள்ள அருள்,

பிலாயிலிருந்து நீ எழுதிய கடிதம் நேற்று மத்தியானம் கைக்கு வந்தது. வேலை, வெயில், மெஸ் சாப்பாடு என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, கையெழுத்துக்கு மேலே பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறாய்: “அடையாறு வீட்டில் அம்மாவைப் பற்றிக் கேட்கிறார்கள், என்ன சொல்வது?” அந்த ஒரு வரிக்காகத்தான் மற்றதெல்லாம் எழுதினாய் என்பது எனக்குத் தெரியாதா? அவர்கள் கேட்டதில் தப்பில்லை. பெண்ணைக் கொடுக்கிறவர்கள் பையனின் அம்மா எங்கே என்று கேட்கத்தான் செய்வார்கள். நீ வடக்கே போய் உட்கார்ந்திருக்கிறாய்; நம் மாதா கோயில் பங்கில் என்னென்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது உனக்கு அரைகுறையாகத்தான் வந்து சேர்ந்திருக்கும். இங்கே நிலவரம் இதுதான். உன் அம்மா ஆப்பிரிக்காவில் கன்னியாஸ்திரீ ஆகிவிட்டாள் என்று ஒரு கட்சி. கல்யாணமாகிப் பிள்ளை பெற்று வேலையிலிருந்து ஓய்வும் பெற்ற ஒருத்தியை எந்த மடத்தில் சேர்த்துக்கொள்வார்கள் என்று அந்தக் கட்சியில் யாரும் யோசிக்கவில்லை. எனக்கும் அவளுக்கும் கோர்ட்டில் வழக்கு நடக்கிறது என்று இன்னொரு கட்சி. தாடி வைத்த வெள்ளைக்காரன் ஒருவனோடு ஓடிவிட்டாள், போட்டோகூட இருக்கிறது என்பது மூன்றாவது கட்சி. அதில்தான் உறுப்பினர்கள் அதிகம். போட்டோ இருப்பது உண்மைதான். அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீ படித்துவிட்டு இதை அப்படியே அடையாற்றுக்கு அனுப்பி வை. உன் வருங்கால மாமனார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்கட்டும். அவர் மனைவிக்கும் வாசித்துக் காட்டட்டும். மறைக்க இதில் ஒன்றும் இல்லை, என் மானத்தைத் தவிர. அது போனாலும் பரவாயில்லை.

நானும் உன் அம்மாவும் ஒரே வருஷத்தில் ஓய்வு பெற்றது உனக்குத் தெரியும். அதன் பிறகு வீட்டில் என்ன நடந்தது என்பது உனக்குத் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் ஒருவரையொருவர் காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் மூன்று மணி நேரம் பார்த்துப் பழகியவர்கள். திடீரென்று நாள் முழுக்கப் பார்க்கும்படி ஆகிவிட்டது. அவள் ஆயுசெல்லாம் பெண்கள் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். திருத்துவதற்குக் கட்டுரை நோட்டுகள் வருவது நின்றதும் மயிலாப்பூரையே திருத்த ஆரம்பித்தாள். கச்சேரி ரோட்டில் ஒரு பாத்திரக் கடைப் பலகையில் நடுவில் ஒரு ‘க்’ விட்டுப் போயிருந்தது. கடைக்காரரிடம் மூன்று தடவை போய்ச் சொல்லி, கடைசியில் அவர் பெயிண்டரைக் கூப்பிட்டு இடுக்கில் ஒரு ‘க்’கைச் செருக வைத்தாள். பக்கத்துத் தெருவில் ஒரு கல்யாணப் பத்திரிகை கொடுத்தார்கள். சிவப்பு மையால் பிழை திருத்தி, மறுநாள் அவர்கள் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டு விசேஷங்களுக்கு நமக்கு வாய்மொழி அழைப்புதான். நான் மட்டும் என்ன வாழ்ந்தேன்? காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, பஸ் ஏறித் தேனாம்பேட்டையில் இறங்கி, பழைய ஆபீசுக்கு எதிரே ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வருவேன். உள்ளே போக வெட்கம். போகாமல் இருக்கவும் முடியவில்லை.

இந்தச் சமயத்தில்தான் உன் சவரி மாமா மொரீஷியஸிலிருந்து கப்பல் டிக்கெட் அனுப்பினார். அங்கே சர்க்கரை ஆலையில் இன்ஜினியராகப் போய், அந்த ஊர்ப் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்ட மனிதர். தங்கை ஓய்வு பெற்றதற்கு அண்ணன் கொடுக்கும் பரிசு. கிறிஸ்துமஸை அங்கே வந்து கொண்டாட வேண்டுமாம். தங்கையைத் தனியாக அனுப்ப மாட்டார்கள் என்பதற்காக எனக்கும் ஒரு டிக்கெட். இதை அவரே கடிதத்தில் தெளிவாக எழுதியிருந்தார். ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் உள்ள தீவு என்று தெரிந்ததும் மாடியில் குடியிருக்கும் மாமி கவலையோடு இறங்கி வந்தார். “ஆத்துக்காரியை அழைச்சுண்டு அவ்வளவு தூரம் போறேளே, அங்கெல்லாம் சிங்கம் ஆத்து வாசலுக்கே வருமாமே” என்றார். அங்கே சிங்கம் கிடையாது, கரும்புதான் என்று உன் அம்மா விளக்கினாள். மாமி நம்பவில்லை.

டிரங்குப் பெட்டி வேண்டாம், கூலியாள் தேடிக்கொண்டு நிற்க முடியாது என்று உன் அம்மா சொல்லிவிட்டாள். மூர் மார்க்கெட்டுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய், பட்டாளத்துக்காரர்கள் முதுகில் மாட்டுகிற காக்கிப் பை இரண்டு பேரம் பேசி வாங்கினாள். சென்ட்ரலில் வழியனுப்ப வந்த பங்குச் சாமியார் எங்களைப் பார்த்துவிட்டு, “என்ன, ரெண்டு பேரும் சண்டைக்குப் போறீங்களா?” என்றார். போகும்போது இல்லை சாமி, போய்ச் சேர்ந்த பிறகு என்று இப்போது சொல்லத் தோன்றுகிறது.

கப்பலைப் பற்றி எழுதமாட்டேன். பம்பாயில் ஏறியதும் படுத்தவன் தீவு தெரிந்தபோதுதான் எழுந்தேன். உன் அம்மா அந்த நாட்களில் கப்பலில் இருந்த எல்லோரோடும் சிநேகமாகிவிட்டிருந்தாள்.

ரோஸ் ஹில் என்ற ஊரில் மாமாவுக்கு நல்ல வீடு. வாசலில் நம்ம ஊர் மயில்கொன்றை மாதிரியே ஒரு மரம், டிசம்பரில் தீப்பிடித்தது போலப் பூத்து நின்றது. அங்கே டிசம்பர்தான் கோடைக்காலம். போன மறுநாள் மாமா தன் ஆலை நண்பர்களை விருந்துக்கு அழைத்திருந்தார். எனக்கும் அவருக்கும் எங்கள் கல்யாணத்திலிருந்தே ஒரு இழுபறி உண்டு என்பதை நீ சின்ன வயதிலேயே கவனித்திருப்பாய். சாப்பாட்டு மேஜையில் அவர் என்னை அறிமுகப்படுத்தினார். “எங்க மாப்ளே மெட்ராஸ்ல மெரினாவுக்குப் போனா மணல்ல கால் வைக்க மாட்டாரு. ரோட்டோரமா நின்னு கடலுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு ரிக்‌ஷா கூப்பிடுவாரு” என்று தமிழில் சொல்லிச் சிரித்தார். பிறகு அதையே பிரெஞ்சில் சொன்னார். மேஜை முழுக்கச் சிரித்தது. ஆக, ஒரே கேலிக்கு நான் இரண்டு தடவை ஆளானேன். இரண்டாவது சிரிப்பு என்னால் தாங்க முடியவில்லை.

“இந்தத் தீவையே நான் நடந்து சுத்தி வருவேன்” என்றேன்.

தீவு எவ்வளவு பெரியது என்று முதலில் கேட்டிருக்கலாம். உன் அம்மா மீன் முள்ளை எடுத்துக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், “எப்போ கிளம்பறோம்?” என்று கேட்டாள்.

காலையில் மாமா தடுப்பார் என்று நம்பி மெதுவாகவே தயாரானேன். அவர் தடுக்கவில்லை. ரொட்டியும் வாழைப்பழமும் கட்டிக் கொடுத்து, “அவசரப்படாம நடங்க மாப்ளே” என்றார். ஹோட்டலில் தங்கும் பேச்சுக்கே இடமில்லை. சர்க்கார் அனுமதித்த அளவுக்குத்தான் வெளிநாட்டுப் பணம் கையில் இருந்தது. அதாவது இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். இப்படித்தான், மகனே, பண்டிகைக் காலத்தில் ஊரெல்லாம் வீட்டைத் தேடிப் போகும்போது உன் அப்பாவும் அம்மாவும் முதுகில் பையை மாட்டிக்கொண்டு வீட்டிலிருந்து கிளம்பினார்கள்.

இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கரும்பு. நடுவில் சிவப்பு மண் பாதை. தலைக்கு மேலே என் கறுப்புக் குடை. பையின் வாரை எப்படி இழுத்துக் கட்டுவது என்று எனக்குத் தெரியாததால் பை தொங்கிப்போய், ஒவ்வொரு அடிக்கும் பின்னால் வந்து இடித்தது. இடித்த வேகத்தில் நான் முன்னால் குனிவேன். எதிரே வந்தவர்கள் நான் வணக்கம் சொல்கிறேன் என்று நினைத்துப் பதிலுக்குக் குனிந்தார்கள். இவ்வளவு மரியாதையான ஊரா என்று நான் மெச்சிக்கொண்டே நடந்தேன். உன் அம்மா முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கு வார் சரியாக இருந்தது. கப்பலில் யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்களாம்.

கடற்கரையில் ஒரு சவுக்குத் தோப்பில் உட்கார்ந்தபோதுதான் அந்தத் தாடிக்காரன் வந்தான். பிரான்சு தேசத்துப் பையன். உன் வயதுதான் இருக்கும். முதுகில் எங்களைப் போலவே பை. என் நிலைமையைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் பின்னால் வந்து வாரை இழுத்துக் கட்டினான். பை முதுகில் ஒட்டி உட்கார்ந்தது. உலகமே லேசானது மாதிரி இருந்தது. பிறகு தன் காமிராவை என் கையில் கொடுத்து, உன் அம்மா பக்கத்தில் போய் நின்றுகொண்டான். நான் எடுத்தேன். ஊர் முழுக்கப் பேசுகிற அந்தப் போட்டோ இதுதான். போகும்போது விலாசத்தைக் கேட்டு எழுதிக்கொண்டவன், நன்றி விசுவாசத்தோடு அதில் ஒரு பிரதி போட்டு நம் மயிலாப்பூர் விலாசத்துக்கு அனுப்பினான். உறையில் போடாமல், அட்டையாக. தபால்காரர் முதல் வாசல் கூட்டுகிறவள் வரை எல்லோரும் பார்த்த பிறகு என் கைக்கு வந்தது. அதில் உன் அம்மா வாய்விட்டுச் சிரிக்கிறாள். படத்தை எடுத்தவன் புருஷன்தான் என்று படத்தில் எங்கே எழுதியிருக்கிறது? இதை அடையாற்றுக்காரர்களுக்கு அழுத்திச் சொல்.

தீவில் என்னை மிகவும் குழப்பியது அங்கே இருந்த முகங்கள். பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவர்கள், கடை வாசலில் உட்கார்ந்திருக்கிறவர்கள், எல்லாம் நம் கபாலி கோயில் குளத்தைச் சுற்றிப் பார்க்கிற முகங்கள். ‘ஐயா, குடிக்கத் தண்ணி கிடைக்குமா?’ என்று கேட்டால் அன்பாகச் சிரித்து வேறு ஏதோ பாஷையில் பதில் சொல்வார்கள். அவர்களுடைய பாட்டன்மார் கரும்பு வெட்ட வந்தபோது கொண்டுவந்த தமிழ் பேரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு சின்ன ஊரில் மளிகைக் கடைப் பலகையை ஆங்கில எழுத்தில் வைத்திருந்தார்கள். நான் ‘சின்னடம்பூ’ என்று படித்தேன். உன் அம்மா சடாரென்று நின்றுவிட்டாள். இங்கேயுமா பலகை திருத்தப் போகிறாள் என்று எனக்கு நடுக்கம். அவள் நேரே உள்ளே போனாள். கல்லாவில் ஆறடி உயரத்தில், வெள்ளை மீசையோடு ஒரு பெரியவர். அவருடைய மருமகள் பள்ளிக்கூட ஆசிரியை, ஆங்கிலம் பேசினாள்.

“உங்க பேருக்கு என்ன அர்த்தம்னு தெரியுமா?” என்று உன் அம்மா அந்தப் பெண் மூலமாகக் கேட்டாள்.

தெரியாது என்றார் பெரியவர்.

“சின்னத்தம்பி. வீட்டிலேயே கடைசிக் குட்டின்னு அர்த்தம்.”

மருமகள் அதைச் சொன்னதும் உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. பெரியவரின் மனைவி. சிரித்துச் சிரித்து அந்த அம்மாள் அரிசி மூட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இவர்தான் குடும்பத்தில் மூத்தவராம். தம்பி தங்கைகள் எல்லாம் இவரைக் கண்டு நடுங்குவார்களாம். அன்று சாயங்காலத்துக்குள் ஊரே வந்துவிட்டது. எல்லோருக்கும் தங்கள் பேருக்கு அர்த்தம் வேண்டும். ஒரு ரிக்கார்டு கிளார்க் போல நான் வரிசையை ஒழுங்குபடுத்தினேன். உன் அம்மா தின்பண்டப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து ஒவ்வொரு பேராகப் பிரித்துச் சொன்னாள். வேலாய்டன் வேலாயுதன் ஆனார். பேரில் இவ்வளவு இருக்கிறதா என்று தன் பேரைத் தானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போனார் அவர்.

அங்கேயே தங்கும்படி ஆகிவிட்டது. ஊர்க் கோயிலை ஒட்டி ஒரு கூடம் இருந்தது. பாய் போட்டுக் கொடுத்தார்கள். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள் என்று சொன்னேன். சின்னத்தம்பிக்கு அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை. தமிழ் தெரிந்தவர்கள் வந்திருக்கிறார்கள், அதுதான் அவருக்குச் செய்தி. மறுநாள் காலையில் பூசை வைக்கிறவர் ஒரு பழைய பாட்டைப் பாடினார். ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, பாட்டனார் சொன்ன மாதிரி, அர்த்தம் தெரியாமல், கண்ணை மூடிக்கொண்டு பாடினார். நன்றாகத்தான் பாடினார். ஆனால் ‘ழ’ வரவேண்டிய இடத்திலெல்லாம் ‘ல’ வந்தது. உன் அம்மாவின் விரல்கள் சேலைத் தலைப்பைப் பிசைய ஆரம்பித்தன. வேண்டாம் என்று நான் கண்ணால் கெஞ்சினேன். அது கோயில், அதுவும் அடுத்தவர் கோயில். பாட்டு முடிந்ததும் அவள் எழுந்து போய், “நாக்கை உள்ளே மடிங்க” என்றாள்.

அன்று முழுவதும் அந்த ஊர் ‘ழ’ சொல்லிப் பழகியது. வாழை, கோழி, மழை, கிழவி. கோயில் வாசலில் ஒரு கூட்டம், குழாயடியில் ஒரு கூட்டம். சின்னத்தம்பி கல்லாவில் உட்கார்ந்து ‘வாழைப்பழம், வாழைப்பழம்’ என்று சொல்லிக்கொண்டே இருந்ததில், கேட்காதவர்களுக்கெல்லாம் வாழைப்பழம் கட்டிக் கொடுத்துவிட்டார். சாயங்காலம் பூசாரிக்கு ‘ழ’ வந்துவிட்டது. அவர் அந்த வரியை மறுபடி பாடினார். உன் அம்மா கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். அவள் முகத்தை நான் பார்த்தேன். நீ முதல் முதலாக எழுத்துக்கூட்டிப் படித்தபோது அவளுக்கு அந்த முகம் இருந்தது. அதற்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கிறிஸ்துமஸ் காலையில் பக்கத்து ஊர் தேவாலயத்துக்கு நாங்கள் பூசைக்குப் போனபோது கோயில் கூட்டம் மொத்தமும் எங்களோடு வந்தது. பூசாரியும் வந்தார். எங்கள் பூசை முடிகிற வரை கடைசிப் பெஞ்சில் நெற்றி நிறையத் திருநீற்றோடு உட்கார்ந்திருந்தார்கள். அந்தத் தேவாலயத்துச் சாமியார் கறுப்பின மனிதர். அவர் இறங்கி வந்து ஒவ்வொருவர் கையாகக் குலுக்கினார். வெளியே வந்ததும் ஒருவர் தம்பட்டத்தை நெருப்பில் காய்ச்சித் தட்ட ஆரம்பித்தார். ஆணும் பெண்ணும் ஆடினார்கள். சின்னத்தம்பியின் மனைவி உன் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். உன் அம்மா ஆடினாள் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். ஆகவே, அவள் ஆடாமல் இருக்கவில்லை என்று எழுதுகிறேன்.

பிறகு தெற்குக் கரைக்கு நடந்தோம். அங்கே கடல் நம்ம கடல் மாதிரி இல்லை. தூரத்தில் பவளப் பாறை அலையைத் தடுத்துவிடுகிறது. உள்ளே தண்ணீர் தொட்டியில் நிற்கிற மாதிரி நிற்கிறது. உன் அம்மா பையை என் மடியில் வைத்துவிட்டு, கட்டிய சேலையோடு தண்ணீருக்குள் நடந்தாள். முழங்கால், இடுப்பு, கழுத்து. பிறந்ததிலிருந்து சாந்தோம் கடலோரத்தில் இருந்தவள், இதுவரை கணுக்காலுக்கு மேல் நனைத்ததில்லை. நான் இரண்டு பையையும் கட்டிக்கொண்டு, “போதும், போதும்” என்று கரையில் இங்குமங்கும் ஓடினேன். அவள் மல்லாந்து மிதந்தாள். மிதந்துகொண்டே என்னோடு பேசினாள்.

“என்னங்க, அந்த ஊர்ல என்னை ஒரு வருஷம் இருக்கச் சொல்றாங்க. பிள்ளைங்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கணுமாம். கூடத்தையே பள்ளிக்கூடமா ஆக்கித் தரேங்கிறாங்க. சவரி அண்ணன் காகிதமெல்லாம் பார்த்துக்குவாரு. நீங்க என்ன சொல்றீங்க?”

அருள், இந்தக் கேள்விக்கு ஒரு மனிதன் ஆயிரம் பதில் சொல்லலாம். உன் அப்பா சொன்னது இது: “அப்போ எனக்குச் சாப்பாடு?”

அவள் தண்ணீரிலிருந்து எழுந்து வந்தாள். சேலையைப் பிழிந்தாள். பையை மாட்டிக்கொண்டு நடந்தாள். கோபித்துக்கொண்டால் பரவாயில்லை, பிழை திருத்தினாலும் தேவலை. அவள் வெறுமனே முன்னால் நடந்துகொண்டிருந்தாள். நான் பின்னால் அவள் முதுகையும் காக்கிப் பையையும் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஆபீசில் பழகிய புத்தி, முதலில் சாதக பாதகம் பார்த்தது. காப்பி யார் போடுவது, பால்காரன் வரும்போது கதவை யார் திறப்பது, பங்கில் கேட்டால் என்ன சொல்வது. எல்லாம் என் பக்கத்துக் கஷ்டமாகவே வந்தது. பிறகு அவள் பக்கத்தை நினைத்துப் பார்த்தேன். திரும்பிப் போனால் அவளுக்கு என்ன இருக்கிறது? கச்சேரி ரோட்டுக் கடைப் பலகைகள் இருக்கின்றன. அதுவும் பாதி திருத்தியாகிவிட்டது. தேனாம்பேட்டையில் ஆபீசுக்கு எதிரே நின்று நான் குடிக்கிற டீயின் ருசி எனக்குத் தெரியும். அதை அவளுக்கும் கொடுக்க வேண்டுமா என்று தோன்றியது.

கரும்புக் காட்டுக்கு நடுவே அவள் வெகுதூரம் முன்னால் போய்விட்டாள். மழை வருகிற காற்று. நான் நின்ற இடத்திலிருந்தே, “இருந்துக்கோ” என்று கத்தினேன். அவள் திரும்பி, காதில் கை வைத்துக் காட்டினாள். “ஒரு வருஷம் இருந்துக்கோ” என்று இன்னும் பலமாகக் கத்தினேன். அவள் தலையை ஆட்டினாள்; கேட்கவில்லையாம். அடிவயிற்றிலிருந்து மூச்சைப் பிடித்து மறுபடி கத்தினேன். வரப்பில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்த கரும்பு வெட்டுகிறவர்கள் எழுந்து கைதட்டினார்கள். பாஷை புரியாவிட்டாலும் ஒரு புருஷன் பெண்டாட்டியிடம் தோற்பது எந்த ஊரிலும் புரியும். முதல் தடவையே காதில் விழுந்துவிட்டது என்று உன் அம்மா பிறகு சொன்னாள். “மூணு தடவை சொன்னாத்தான் நீங்க மாத்திப் பேச மாட்டீங்க” என்றாள்.

அதன் பிறகு மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. நாங்கள் பஸ் பிடித்து ரோஸ் ஹில் வந்து சேர்ந்தோம். தீவில் பாதியைக்கூட நான் நடக்கவில்லை என்பதுதான் உண்மை. சவரி மாமா வாசலில் நின்றுகொண்டு, “என்ன மாப்ளே, சுத்தியாச்சா?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா, “முழுக்கச் சுத்தியாச்சுண்ணே. இவரு வேகத்துக்கு என்னாலதான் ஈடுகொடுக்க முடியல” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். அதற்குப் பிறகு மாமா என்னைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. நீயும் இதை அவருக்கு எழுதித் தொலைக்காதே.

நானும் அங்கேயே இருந்திருக்கலாமே என்று கேட்பாய். மைத்துனர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட என் வீம்பு இடம் கொடுக்கவில்லை. தனியாகத் திரும்பி வந்தேன். சோறு வடிக்கத் தெரியாமல் முதல் வாரம் பூரா கஞ்சிதான் குடித்தேன். நொச்சிக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் அஞ்சலையிடம் ஊமை மாதிரி வாங்கிக்கொண்டு வருவேன். ஒருநாள் அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டேவிட்டாள்.

“இன்னா நைனா, நீயே ஒண்டியா வாங்கிக்கினு போறே? அம்மா எங்க கீது?”

“வெளியூர்ல வாத்தியார் வேலை பாக்குது.”

“சம்பாதிக்குதா?”

“ஆமா.”

“நீ ஊட்ல குந்திக்கினு சமைக்கிறியா?”

“ஆமா.”

அவள் கூடை மேல் மூடியிருந்த சாக்கை விலக்கினாள். “எங்க ஊட்லயும் அதான் நைனா. நான் கூடையத் தூக்கிக்கினு வந்துட்டேன்னா அந்தாளுதான் ஒல வைப்பான். இதுல இன்னா கீது?” என்று சொல்லி நல்ல வஞ்சிரமாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். பங்கில் இத்தனை பேர் விசாரித்ததில் அவள் ஒருத்திக்குத்தான் நான் உள்ளதை உள்ளபடி பதில் சொன்னேன். மற்றவர்களிடம் மென்று விழுங்கினேன். கன்னியாஸ்திரீ கதையும் கோர்ட்டுக் கதையும் கிளம்பியதற்கு என்னுடைய இந்த மென்று விழுங்கலும் ஒரு காரணம். நீ அந்த மாதிரி செய்யாதே. உன் வீட்டில் நடப்பதை நீயே பளிச்சென்று சொல்லிவிட்டால் ஊராருக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமிருக்காது.

உன் அம்மாவிடமிருந்து வாரம் தவறாமல் கடிதம் வருகிறது. நான் எழுதிய கடிதங்களும் சேர்ந்து திரும்பி வருகின்றன, சிவப்பு மையில் பிழை திருத்தப்பட்டு. போன மாதம்தான் முதல் தடவையாக ஒரு கடிதத்தில் ஓரத்தில் ‘நன்று’ என்று போட்டிருந்தாள். அதை மாடி மாமிக்குக்கூடக் காட்டினேன். அவளுடைய பள்ளிக்கூடம் பெருகிவிட்டது; இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள். உன் கல்யாணத்துக்கு முன்பே இங்கே வந்து சேருவாள், பத்திரிகையில் அவள் பேரைத் தாராளமாகப் போடு. ஒற்றுப் பிழை இல்லாமல் போடு. கல்யாணம் முடிந்து அவள் திரும்பும்போது நானும் போகிறேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் கிடையாது. சும்மா அவளோடு இருக்கப் போகிறேன். வீட்டுச் சாவி மாடி மாமியிடம் இருக்கும்.

உனக்குச் சொல்ல ஒரே ஒரு விஷயம்தான் வைத்திருக்கிறேன். வரப்போகிறவள் என்றைக்காவது தன் வாழ்க்கையைப் பற்றி உன்னிடம் ஒன்று கேட்பாள். குழம்பு கிண்டிக்கொண்டோ, பஸ்ஸுக்கு நின்றுகொண்டோ, சாதாரணமாகத்தான் கேட்பாள். அப்போது உன் வாயில் முதலில் வருகிற பதிலை விழுங்கிவிடு. இரண்டாவதாக வருவதைச் சொல். நான் இதைக் கற்றுக்கொள்ள ஒரு கடலையே தாண்ட வேண்டியிருந்தது.

இனி அடையாறு விஷயம்; இதிலிருந்து வருகிற பக்கத்தை மட்டும் நீ எடுத்து வைத்துக்கொண்டு மற்றதை அனுப்பு. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து கதவைத் திறந்துகொண்டிருந்தேன். உனக்குப் பேசியிருக்கும் ஸ்டெல்லா வாசலில் நின்றது. அந்தப் பெண்ணை நிச்சயம் பேசிய அன்று பார்த்ததுதான். தனியாக பஸ் ஏறி வந்திருந்தது. அதன் வீட்டில் சொல்லவில்லை. உட்காரச் சொல்லி நானே காப்பி போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்துவிட்டது. அத்தையைப் பற்றிக் கேட்கத்தான் வந்தேன் என்றது. இந்தக் கதையை முழுக்கச் சொன்னேன். சாப்பாடு கேட்டதையும் சொன்னேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தது. கதை முடிந்ததும் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டது. சரி, சம்பந்தம் முறிந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

“எங்கப்பாதான் தயங்கறாரு மாமா. மாமியார் கடல் தாண்டி இருந்தா நல்லதுதானேன்னு எங்கம்மா சொல்றாங்க. எனக்கு அதெல்லாம் இல்ல. எனக்கு அந்த ஊரைப் பாக்கணும். அடுத்த கிறிஸ்துமஸுக்கு நாங்களும் வந்து நடக்கலாமா?” என்றது.

“தாராளமா வாம்மா” என்றேன்.

“அவரு நடப்பாரா?”

“நடப்பான்” என்றேன், உன்னைக் கேட்காமலேயே.

“அப்பாவை நான் பாத்துக்கறேன்” என்று எழுந்துவிட்டது. வாசல் வரை போய்த் திரும்பி வந்து, அந்தப் பாதைக்கு நல்ல கான்வாஸ் ஷூ வேண்டுமாம், பாண்டி பஜாரில் பார்த்து வைத்திருக்கிறதாம், உனக்கும் சேர்த்தே வாங்கிவிடலாம் என்று நினைக்கிறதாம், உன் கால் அளவு என்ன என்று கேட்டது. எனக்குத் தெரியவில்லை. பெற்ற அப்பனுக்குத் தெரியாதா என்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது. மற்றதற்கெல்லாம் மெதுவாகப் பதில் எழுதிக்கொள்ளலாம். கால் அளவை மட்டும் உடனே எழுது.

அன்புடன்,
அப்பா